புதுவயல் ரோட்டுக் காற்று

சித்திரை வெயிலில்
முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு
ஆட்டோவில் வந்து இறங்கினார் டாக்டர் உமையாள்,
என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர்.
'இருதயராஜ், உன் ஐஸ் ரூமில்
தினம் அரைமணி நேரம் நிற்கணும்.'
கக்கத்தில் சிவப்பாக ஓர் அங்கி,
தலையணை மாதிரி உப்பிக்கொண்டு.

வடதுருவக் கரையோரமாகப் பதினோரு நாள் கப்பலாம்.
படிவத்தில் கேட்டிருந்தார்களாம்:
ஆடுகிற படகில் துணையில்லாமல் இறங்குவீர்களா,
குளிரில் மூச்சு முட்டுமா, மூட்டு பிடிக்குமா.
எல்லாவற்றுக்கும் டிக் போட்டு அனுப்பிவிட்டு
போட்டது சரிதானா என்று பார்க்க
காரைக்குடி முழுக்கத் தேடி
என் கம்பெனிக்கு வந்திருக்கிறார்.

'ஐஸைப் பார்க்க இத்தனை லட்சமா?
இருதயராஜிடம் ஒரு பார் நூற்றைம்பது'
என்றாராம் கொழுந்தனார்.
நூற்றெண்பது ஆக்கி ஆறு மாசம் ஆகிறது.

கப்பலேறாத தலைமுறை அந்த வீட்டில் கிடையாது.
பினாங்கு, ரங்கூன், சைகோன்.
'அது வட்டிக்குப் போன கடல்.
இது செலவுக்குப் போகிற கடல்' என்றார்
அம்மோனியா நெடிக்கு மூக்கைப் பொத்தியபடி.

ஒன்பது நாள் வந்தார்.
உமி மூட்டைக்கும் கட்டிகளுக்கும் நடுவில்
சிவப்பாக நின்றார்.
லோடுமேன்கள் இரண்டு நாள் சிரித்தார்கள்,
மூன்றாம் நாள் ஸ்டூல் எடுத்துப் போட்டார்கள்.
அவர் உட்காரவில்லை.
பத்தாம் நாள் ஸ்டூல் மட்டும் இருந்தது.

திரும்பி வந்தது ஆடியில்.
'கரடி?' என்றேன்.
'மூணு நாள் மூடுபனி.
நாலாம் நாள் தூரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு.
அதுதான் என்றார்கள்.
நானும் ஆமாம் என்றேன்.'

பொழுது சாயவே இல்லையாம்.
விளக்கு வைக்கிற நேரம் எது என்று தெரியாமல்
சர்க்கரை மாத்திரையைக் கொண்டு
அந்தியைக் கணக்குப் பண்ணினாராம்.

கரையில் இறங்கும் முன்
ஒரு பெண் இவர் பையைக் கவிழ்த்துத் தட்டி
தையலைப் பிரித்துப் பார்த்து
சாமணத்தால் எடுத்தாளாம் ஒரு நெருஞ்சி முள்ளை.
அந்நிய விதை அந்த மண்ணில் விழக்கூடாது, சட்டம்.
'என்ன பதமான கை, பல் டாக்டராகியிருக்கலாம்.
அப்போ நான் மட்டும் இறங்கலாமா என்று
கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.'

ஒரு கூழாங்கல்கூட எடுத்து வரக்கூடாதாம்.
வெறுங்கையோடுதான் நின்றார் என் முன்னால்.
'கம்ப்ரஸரை ரெண்டு நிமிஷம் நிறுத்தேன்.'
வாசலில் தொண்டி லாரி நிற்கிறது.
நிறுத்தினேன்.

இருபது வருஷத்தில்
அந்தக் கொட்டகை அவ்வளவு அமைதியாய் இருந்து
நான் கேட்டதில்லை.
கேனிலிருந்து வழுக்கி வந்த கட்டி
டிக் என்றது. கொஞ்சம் விட்டு
இன்னொரு டிக்.

கடலில் மிதந்த துண்டு ஒன்றை
படகில் எடுத்துக் காதருகே பிடித்தார்களாம்.
தாளிக்கிற சட்டியில் கடுகு மாதிரி
விடாமல் வெடித்ததாம்.
என்றோ பெய்த பனியோடு அடைபட்ட காற்று,
எத்தனை ஆயிரம் வருஷமோ,
இவர் காதோரம் வந்து வெளியேறியதாம்.

கட்டியின் நடுவில் வெள்ளை ஓடுவதைப் பார்த்து
தண்ணி சரியில்லையா என்று
கல்யாண காண்ட்ராக்டர்கள் கேட்கும்போதெல்லாம்
மன்னிப்புக் கேட்டே பழகியவன் நான்.
அந்த வெள்ளையில் விரல் வைத்து
'இது எந்த வருஷத்துக் காற்று?' என்றார்.

முந்தாநாள், என்றேன்.
முந்தாநாள் மில்லில் நெல் அவித்த ஆவி,
தேவகோட்டை பஸ் விட்ட புகை,
அறுந்த பெல்ட்டை நான் திட்டிய திட்டு.
எல்லாம் உள்ளேதான் இருக்கும்.

சிரிக்காமல் குனிந்து
கட்டியின் மேல் காதை வைத்தார்.
லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.
இரு என்று கையைக் காட்டிவிட்டு
எதிர்ப்பக்கம் நானும் குனிந்தேன்.

பல் இல்லாத இடம் கூசியது.